எம்-பெசா முதல் கொசுவலை வரை: புதிய தொழில்நுட்பத்தை மக்கள் எதனால் ஏற்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளரும் நாடுகளில் ஒரு புதுப்பொருள் சில ஊர்களில் தீயாகப் பரவுகிறது, சில ஊர்களில் பிரிக்காத பெட்டியாக மூலையில் கிடக்கிறது. ஏன் என்று பொதுவாகப் பேசினால் எதற்கும் பொருந்தும், யாருக்கும் பயன்படாது. அதனால் கென்யாவில் கைப்பேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசாவை நடுவில் வைத்துக்கொள்கிறேன். தேவைப்படும் இடத்தில் மற்ற நாடுகளுக்கும் போய் வரலாம்.

எம்-பெசா என்றால் என்ன?

கென்யாவின் பெரிய கைப்பேசி நிறுவனமான சஃபாரிகாம் 2007 மார்ச்சில் தொடங்கிய சேவை. தெருமுனைக் கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால் அந்தத் தொகை உங்கள் எண்ணில் ஏறும். அதை இன்னொருவர் எண்ணுக்கு அனுப்பலாம். அவர் தன் ஊர்க் கடையில் அதை ரொக்கமாக எடுத்துக்கொள்வார். வங்கிக் கணக்கு வேண்டாம், இணையம் வேண்டாம். பட்டன் போனும் அடையாள அட்டையும் போதும்.

2006இல் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட வங்கிக் கணக்கு இல்லாத நாடு அது. அங்கே மூன்றே ஆண்டுகளில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் சேர்ந்தார்கள். அப்போது கென்யாவின் மொத்த மக்கள்தொகையே நான்கு கோடிக்குச் சற்றுக் குறைவு.

ஏழை நாட்டு மக்கள் படிக்காதவர்கள், பழமையை விடாதவர்கள். அதனால்தானே புதியது எடுபடுவதில்லை?

திட்டம் படுத்துவிட்டால் எழுதப்படும் அறிக்கைகளில் இந்தக் காரணம் தவறாமல் இருக்கும். "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று எழுதிவிட்டால், கொண்டுபோய்க் கொடுத்த பொருள் லாயக்கானதா என்று யாரும் கேட்கமாட்டார்கள் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த 'பிளேபம்ப்' கதை நல்ல உதாரணம். குழந்தைகள் ஏறிச் சுற்றும் ராட்டினத்தோடு தண்ணீர் பம்பை இணைத்திருந்தார்கள். குழந்தைகள் விளையாடினால் தண்ணீர் மேலே ஏறும். கேட்கவே அழகாக இருந்ததால் 2006இல் அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் நிதி அறிவிக்கப்பட்டது. ஆனால் குழந்தைகள் நாள் முழுக்க ராட்டினம் சுற்றுவார்களா? பள்ளி நேரத்தில், வெயில் நேரத்தில், தண்ணீர் தேவைப்பட்ட பெண்கள் குனிந்து நின்று அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. பழுதானால் சரிசெய்ய உள்ளூரில் ஆள் இல்லை. பல ஊர்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டுத்தான் இதை நிறுத்தியிருந்தார்கள். பழைய கைப்பம்பே மேல் என்று சொன்ன அந்தப் பெண்களை 'பழமைவாதிகள்' என்பது அநியாயம்.

ஏழை எதிலும் கையை வைக்க யோசிப்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் புது விதையைப் போட்டு அது பொய்த்தால், போவது அந்த வருடத்துச் சாப்பாடு. நூறு ஏக்கர்காரருக்கு அது ஒரு மூலையில் செய்த சோதனை. துணிச்சலில் இருவரும் சமமாகவே இருக்கலாம்.

எம்-பெசாவை முதலிலிருந்தே பணம் அனுப்பத்தான் உருவாக்கினார்களா?

இல்லை, இதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். சஃபாரிகாமின் பங்குதாரரான வோடஃபோன் நிறுவனத்தின் நிக் ஹியூஸ், சூசி லோனி இருவரும் பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதி உதவியோடு இதை உருவாக்கியபோது, நோக்கம் சிறுகடன் வசூல். ஃபாவ்லு என்ற சிறுகடன் நிறுவனத்தில் கடன் வாங்கியவர்கள் தவணையைக் கைப்பேசியிலேயே கட்டலாம் என்று யோசித்தார்கள். 2005 அக்டோபரில் நைரோபியிலும் அருகிலுள்ள திகாவிலும் சுமார் 500 பேரை வைத்துச் சோதனை தொடங்கியது.

கடன் நிறுவனத்துக்கு இது தலைவலியாகப் போனது. கையால் எழுதும் கணக்குப் புத்தகத்தோடு கைப்பேசிக் கணக்கு ஒத்துப்போகவில்லை. வாரக் கூட்டத்துக்கு வராமலே தவணை கட்டலாம் என்றால், குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் ஏற்பாடு என்னாவது என்ற கவலை வேறு.

மக்களோ தங்கள் வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்பினார்கள். சோதனையில் இல்லாதவர்களுக்கு டாப்-அப் வாங்கிக் கொடுத்தார்கள். பயணம் கிளம்பும்போது ஓரிடத்தில் போட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் எடுத்தார்கள். இதைக் கவனித்தவர்கள் கடன் வசூலை ஓரம் கட்டிவிட்டு, 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்ற ஒற்றை வாக்கியத்தோடு நாடு முழுக்கத் தொடங்கினார்கள். பயன்படுத்துபவர் 'தப்பாகப்' பயன்படுத்துவதை உட்கார்ந்து பார்க்கும் பொறுமை எல்லாத் திட்டங்களுக்கும் வாய்ப்பதில்லை.

அதற்கு முன் பணத்தை எப்படி அனுப்பினார்கள்?

பஸ் டிரைவரிடம் உறையில் வைத்துக் கொடுப்பார்கள். ஊருக்குப் போகும் உறவினர் கையில் கொடுப்பார்கள். அஞ்சலகத்தில் மணியார்டர் எடுப்பார்கள். இல்லையென்றால் லீவு போட்டுத் தாங்களே போவார்கள். வழியில் திருட்டு, தாமதம், "கொடுத்தேனே" "வரலையே" சண்டை எல்லாம் உண்டு. நகரத்தில் ஆண், கிராமத்தில் குடும்பம் என்பது கென்யாவில் காலனி காலத்திலிருந்தே ஊறிப்போன ஏற்பாடு. ஆகவே தேவையை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. டாப்-அப் நேரத்தையே பணம் போலக் கைமாற்றிக்கொள்ளும் வழக்கமும் ஏற்கெனவே வந்திருந்தது.

மக்கள் நம்பியது எதை? நிறுவனத்தையா, போனையா?

இரண்டையும்விட அதிகமாகக் கடைக்காரரை என்பது என் கருத்து.

சஃபாரிகாம் 750 கடைகளோடு தொடங்கியது. அப்போதிருந்த 69 மாவட்டத் தலைநகரங்களிலும் கடை இருந்தது. மளிகைக் கடை, போன் கடை, பெட்ரோல் பங்க் என்று ஏற்கெனவே மக்கள் போய்வரும் இடங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை நிறம். கவுண்டரில் ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, தொகை, போன் எண், அடையாள அட்டை எண், பெயர் என்று கோடு போட்டிருக்கும். கடைசிக் கட்டத்தில் வாடிக்கையாளர் கையெழுத்து போட வேண்டும். ரொக்கம் கைமாறும்போது இரண்டு போனிலும் எஸ்எம்எஸ் வந்து விழும். பார்க்கப்போனால் கணினியில் எல்லாம் பதிவாகிவிட்ட பிறகு அந்த நோட்டுக்கு வேலை குறைவுதான். ஆனாலும் தன் பெயர் பேனாவில் எழுதப்படுவதைக் கண்ணால் பார்ப்பவருக்கு அதில் ஒரு பிடிமானம் இருக்கிறது. நூறு ஷில்லிங்கை (கென்ய நாணயம்) போட்டு, அங்கேயே நின்று திரும்ப எடுத்துப் பார்க்கவும் முடியும். சந்தேகத்தைத் தீர்க்க இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

இதன் பின்னால் இருந்த உழைப்பு வெளியே தெரியாது. ஏஜென்டிடம், அதாவது அந்தக் கடைக்காரரிடம், இரண்டு கையிருப்பு வேண்டும்: ரொக்கம், அப்புறம் கைப்பேசிக் கணக்கில் இருப்பு. நகரத்தில் எல்லோரும் பணம் போடுவார்கள், அதனால் கணக்கிருப்பு தீரும். கிராமத்தில் எல்லோரும் எடுப்பார்கள், அதனால் ரொக்கம் தீரும். கிராமத்து ஏஜென்ட் கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறி, டவுன் வங்கிக்குப் போய் நோட்டுக் கட்டோடு திரும்ப வேண்டும். அவர் இரண்டு முறை "இன்னைக்குக் காசு இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொன்னால் அந்த ஊரில் சேவையின் பெயர் கெட்டுவிடும். இது சஃபாரிகாமுக்குப் புரிந்திருந்தது. பணம் போடுவது வாடிக்கையாளருக்கு இலவசம். ஆனாலும் அதற்கும் ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுத்தது. ஆரம்பத்தில் கடைகளின் எண்ணிக்கையைக் கண்டபடி பெருக்காமல், ஒவ்வொரு கடைக்கும் போதிய வியாபாரம் நடக்குமாறு பார்த்துக்கொண்டது. மூன்று ஆண்டுகளில் கடைகள் 16,000-ஐத் தாண்டின.

பயன்படுத்த எளிதாக இருந்தால் போதாதா? படிப்பில் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் சொன்னது அது. ஒரு கருவி பயனுள்ளது என்ற எண்ணமும், எளிது என்ற எண்ணமும்தான் ஏற்பைத் தீர்மானிக்கின்றன என்றார். அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுந்த கோட்பாடு. அங்கே சம்பளம் நிச்சயம், மின்சாரம் நிச்சயம், கோளாறு என்றால் கூப்பிட ஆள் உண்டு. கிராமத்துக்கு அதை அப்படியே தூக்கிப் போனால் பாதிதான் பொருந்தும்.

புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்த எவரெட் ரோஜர்ஸ் 1962இல் கொடுத்த ஐந்து அளவுகோல்கள் இதற்கு மேலும் நெருக்கமானவை. பழையதைவிட மேலா, நம் வழக்கத்தோடு ஒத்துப்போகுமா, சிக்கலா, கொஞ்சமாகச் செய்து பார்க்கலாமா, அடுத்தவருக்குக் கிடைத்த பலன் கண்ணுக்குத் தெரிகிறதா. அவரும் விவசாயிகளைப் பார்த்து வளர்ந்த ஆய்வு மரபிலிருந்து வந்தவர்.

எளிமை முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. எம்-பெசாவின் மெனு சிம் அட்டைக்குள்ளேயே இருந்தது, புதிதாக எதையும் தரவிறக்க வேண்டியதில்லை. 2008இல் ரோஷன் என்ற கைப்பேசி நிறுவனம் ஆப்கானிஸ்தானுக்கு இதைக் கொண்டுபோனபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக தாரி, பஷ்தூ மொழிகளில் குரல்வழி மெனுவைச் சேர்த்தது. அங்கே காவலர்களுக்குச் சம்பளத்தை இப்படி அனுப்பியபோது பலர் சம்பளம் உயர்ந்துவிட்டதாகவே நினைத்தார்களாம். முன்பு இடையில் கைவைத்தவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்வது எவ்வளவு முக்கியம்?

மிகவும். ஆனால் யாரைப் பார்த்து என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கானாவில் அன்னாசி விவசாயிகளை ஆராய்ந்த கான்லி, உட்ரி இருவரும், தன்னோடு தகவல் பேசும் விவசாயி எதிர்பாராத லாபம் பார்த்தால் மற்றவர்கள் தங்கள் உர அளவை அவரை ஒட்டி மாற்றிக்கொண்டதைக் காட்டினார்கள். மலாவியில் பென்யிஷாய், முபாரக் நடத்திய சோதனை இன்னும் சுவையானது. புதிய சாகுபடி முறையைச் சொல்லித்தர முன்னோடி விவசாயிகளையும் சாதாரண விவசாயிகளையும் தனித்தனியாக நியமித்தார்கள். சிறு ஊக்கப்பரிசும் கிடைத்தபோது, தங்களைப் போன்ற நிலமும் நிலைமையும் உள்ள சாதாரண விவசாயி சொன்னதையே ஊரார் அதிகம் கேட்டார்கள். பெரிய பண்ணைக்காரர் வயலில் விளைந்தால், "அவருக்கென்ன, தண்ணி இருக்கு, ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

எம்-பெசாவில் இந்த அக்கம்பக்க வேலையைக் கட்டணமே செய்தது. பதிவு செய்தவருக்கு அனுப்பத் தொடக்கத்தில் 30 ஷில்லிங். பதிவு செய்யாதவருக்கும் அனுப்பலாம், ஆனால் அனுப்புபவருக்குச் செலவு இரண்டு மடங்குக்கு மேல். நகரத்து மகன் கிராமத்து அம்மாவிடம் "போய்ப் பதிவு பண்ணும்மா" என்று சொல்வான் இல்லையா? நிறுவனம் அனுப்பும் விற்பனை ஆளால் அந்த அளவுக்கு நச்சரிக்க முடியாது.

இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது என்கிறார்களே?

பொருளைப் பொறுத்தது. கென்யாவின் மேற்கில் கொசுவலையை வைத்து ஜெசிகா கோஹன், பாஸ்கலின் துபா செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. இலவசமாகக் கொடுத்தபோது ஏறத்தாழ எல்லோரும் வாங்கினார்கள். 0.60 டாலர் விலை வைத்ததும் வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்தவர்தான் ஒழுங்காகப் பயன்படுத்துவார் என்பதும் உண்மையாகவில்லை. இலவசமாகப் பெற்றவர்களும் அதே அளவுக்குத்தான் வலையைக் கட்டித் தூங்கினார்கள். முதல் வலையை மலிவாகப் பெற்றவர்கள் அடுத்த வலைக்குப் பணம் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள் என்று துபா பின்னர் காட்டினார்.

எதிர்ப்பக்கத்தில் ஒடிசா அடுப்பு. புகை குறைந்த மண் அடுப்பை ஒரு தொண்டு நிறுவனம் பெருமளவு மானியத்தில் வீடுகளில் கட்டிக்கொடுத்தது. ரேமா ஹன்னா, எஸ்தர் துஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் ஆண்டில் புகை உள்ளே போவது குறைந்தது, அப்புறம் அந்தப் பலன் மறைந்துவிட்டது. புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும், விரிசல் விட்டால் பூச வேண்டும், பாத்திரம் வாயில் சரியாக உட்கார வேண்டும். சமைக்கிறவருக்கு வேலை கூடியது, விறகும் மிச்சமாகவில்லை. வலையைக் கட்டினால் அன்றிரவே கொசு கடிக்காது. இந்த அடுப்போ தினமும் பராமரிப்பைக் கேட்டது. இரண்டும் கிட்டத்தட்ட இலவசம்தான்.

விலையோடு, கையில் காசு இருக்கும் நாளும் முக்கியம். கென்ய விவசாயிகள் உரம் போடாததற்குக் காரணம், அறுவடையில் வந்த பணம் விதைப்புவரை தங்காததுதான் என்று துஃப்லோ, கிரெமர், ராபின்சன் கண்டார்கள். அறுவடை முடிந்த கையோடு, குறிப்பிட்ட நாளுக்குள் பணம் கட்டினால் வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம் என்றதும் வாங்கியவர்கள் கூடினார்கள்.

அரசு என்ன செய்ய வேண்டும்?

கென்ய மத்திய வங்கி செய்தது போல, கொஞ்சம் ஒதுங்கி நின்று கண்ணை மட்டும் எடுக்காமல் இருக்கலாம். அது புதுச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல், ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுத்தது. வாடிக்கையாளர் பணம் அறக்கட்டளைக் கணக்கில் வங்கியில் தனியாக இருக்க வேண்டும், சஃபாரிகாம் அதைத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. 2008 டிசம்பரில் வங்கிகள் முறையிட, நிதியமைச்சர் ஜான் மிச்சுகி தணிக்கைக்கு உத்தரவிட்டார். அடுத்த மாதமே குறையில்லை என்று வந்தது. போட்டியாளர்கள் கிளப்பிய அந்தச் சோதனை கடைசியில் அரசு முத்திரையாக அமைந்துவிட்டது.

கெடுப்பதும் அரசால் முடியும். 2018 ஜூலையில் உகாண்டா கைப்பேசிப் பணத்துக்கு 1 சதவீத வரி போட்டது. மக்கள் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டு ரொக்கத்துக்குத் திரும்ப, பணம் எடுப்பதற்கு மட்டும் 0.5 சதவீதம் என்று மாற்ற வேண்டியதாயிற்று.

நெருக்கடி வந்தால்தான் மக்கள் மாறுவார்களா?

நெருக்கடி வேகப்படுத்தும். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் கலவரம் வெடித்து, சாலைகளும் கடைகளும் முடங்கியபோது, நைரோபியில் சிக்கியவர்களுக்குப் பணமும் டாப்-அப்பும் இதன் வழியே போயின. இனப்பகை கொதித்த நேரத்தில் சில வங்கிகள் ஏதோ ஓர் இனத்தின் பக்கம் என்று இருந்த சந்தேகம் இதன் மேல் விழவில்லை. இந்தியாவில் 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு பலரை முதல்முறையாக வாலட்டுக்குத் தள்ளியது. ஆனால் நோட்டு திரும்பியதும் நிறையப் பேர் நோட்டுக்கே திரும்பினார்கள். நெருக்கடி ஓயும்வரை மட்டுமே கட்டாயம் இருக்கும். அதற்கு முன்பே கடைகள் தயாராக இருந்ததால்தான் கென்யாவில் வந்தவர்கள் தங்கினார்கள்.

பெண்களுக்கு இது எப்படி அமைந்தது?

ஓல்கா மொராவ்சின்ஸ்கி என்ற ஆய்வாளர் நைரோபியின் கிபெரா குடிசைப் பகுதியிலும் மேற்குக் கென்யாவின் புகுரா கிராமத்திலும் தங்கிப் பார்த்தவர். பணம் முன்பைவிட அடிக்கடி வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கணவனுக்குத் தெரியாமல் போனில் சேமித்துவைக்க மனைவிக்கு ஓர் இடமும் கிடைத்தது. அதே மனைவிகளுக்கு ஒரு குறையும் இருந்தது: பணம் கொண்டுவரும் சாக்கில் ஊருக்கு வந்துபோன கணவன், இப்போது பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு நகரத்திலேயே இருந்துவிடுகிறான். அங்கே வேறு பெண் சேர்ந்துவிடுவாளோ என்ற பயமும் சேர்ந்தது. இந்தக் கணக்கெல்லாம் ஏற்பு-ஆய்வுகளின் கேள்வித்தாளில் வராது.

போன் யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். வீட்டுக்கு ஒரு போன், அது ஆணின் சட்டைப் பையில் என்றால், பதிவேட்டில் குடும்பம் 'பயனாளி'யாக இருந்தாலும் பெண்ணுக்கு அந்தச் சேவை இல்லை.

கென்யாவில் வென்ற அதே எம்-பெசா தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஏன் தோற்றது?

தென்னாப்பிரிக்காவில் வோடாகாம் என்ற கைப்பேசி நிறுவனமும் நெட்பேங்க் என்ற வங்கியும் 2010இல் தொடங்கின. மூன்று ஆண்டுகளில் ஒரு கோடிப் பேர் இலக்கு. 2014இல் மறுபடியும் புதிதாக அறிமுகம் செய்து பார்த்தார்கள். 2016 ஜூன் கடைசியில் மூடியபோது தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் சுமார் 76,000 பேர். அங்கே பெரும்பாலோரிடம் ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருந்தது, ஏடிஎம் இருந்தது, சூப்பர் மார்க்கெட் கவுண்டரில் பணம் அனுப்பும் வசதியும் இருந்தது. பஸ் டிரைவரிடம் உறை கொடுக்கும் கஷ்டம் இல்லாத இடத்தில் அந்தக் கஷ்டத்துக்கான மருந்தை விற்றார்கள்.

இந்தியாவில் கஷ்டம் இருந்தது, ஆள் நிறைய இருந்தார்கள். 2013இல் வோடஃபோன் மேற்கு வங்கம், பீகார், ஜார்க்கண்ட் பக்கம் தொடங்கியது. வேலைக்காக ஊர்விட்டுப் போனவர்களின் சொந்த மாநிலங்கள், கணிப்பு சரிதான். ஆனால் ரிசர்வ் வங்கியின் விதிப்படி ரொக்கமாக எடுப்பதற்கு வங்கிக் கூட்டு வேண்டும். ஆவணச் சரிபார்ப்பு கடினம். கென்யாவில் சஃபாரிகாமுக்கு இருந்ததுபோல ஒரே நிறுவனத்தின் பிடியிலும் இந்தியக் கைப்பேசிச் சந்தை இல்லை. அதற்குள் வேறொன்று அந்த இடத்தை நிரப்பிவிட்டது. திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் குடியிருக்கும் தெருக்களில் 'மணி டிரான்ஸ்ஃபர்' என்று இந்தியிலும் எழுதிய போர்டு தொங்கும் செல்போன் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரரிடம் ரொக்கத்தையும் ஊரிலிருப்பவரின் கணக்கு எண்ணையும் கொடுத்தால் அவரே போட்டுவிடுவார். தொழிலாளி எந்தச் செயலியையும் கற்க வேண்டியதில்லை. இந்தியாவில் எம்-பெசா 2019இல் மூடப்பட்டது.

அப்படியானால் இந்தியாவில் யுபிஐ மட்டும் எப்படி ஓடியது?

2016 ஏப்ரலில் அறிமுகமானது. ஜன்தன் கணக்குகள் ஏற்கெனவே இருந்தன, அதே ஆண்டில் டேட்டா விலை சரிந்தது, எந்த வங்கியிலிருந்து எந்த வங்கிக்கும் போகும், 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரருக்குக் கட்டணம் பூஜ்யம். இவையெல்லாம் சரி. ஆனால் தெருவில் நின்று பார்த்தால் வேறொரு பொருளுக்கும் பங்குண்டு: பணம் வந்ததை உரக்கச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டி. பூ கட்டிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு ஈரக் கையோடு போனை எடுத்துப் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் காட்டும் திரை உண்மையா, பழைய படமா என்று கண்டுபிடிக்கவும் நேரமில்லை. "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி தமிழில் சொன்னதும் அவர் நிமிராமலே பூவை நீட்டுகிறார். கென்யாவில் நோட்டுப் புத்தகம் கொடுத்த பிடிமானத்தை இங்கே குரல் கொடுக்கிறது.

மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றால் அது நல்லது என்று அர்த்தமா?

அவசியமில்லை. எம்-பெசாவின் நன்மைக்கு நல்ல ஆதாரம் உண்டு. நோய், வேலையிழப்பு போன்ற அடி விழுந்தபோது பயன்படுத்தாத குடும்பங்களின் செலவு 7 சதவீதம் குறைந்தது, பயன்படுத்திய குடும்பங்கள் தாக்குப்பிடித்தன என்று வில்லியம் ஜாக், தவ்னீத் சூரி 2014இல் எழுதினார்கள். தூரத்து உறவினரும் சட்டென்று நூறு இருநூறு அனுப்ப முடிந்ததே காரணம். 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டன என்ற அவர்களின் 2016ஆம் ஆண்டுக் கணிப்பை மற்ற ஆய்வாளர்கள் சிலர் கடுமையாக மறுத்திருக்கிறார்கள்.

அதே குழாய் வழியாகத்தான் கடனும் சூதாட்டமும் வந்தன. 2012இல் எம்-ஷ்வாரி என்ற கைப்பேசிக் கடன் தொடங்கியது. அடுத்தடுத்து கடன் செயலிகள் பெருகின. சில நூறு ஷில்லிங்கைக் கட்டத் தவறியவர்கள்கூடக் கடன் தவறியோர் பட்டியலில் சேர்ந்தார்கள். செயலிவழிக் கடன் கொடுப்பவர்களை மத்திய வங்கியின் உரிமத்துக்குள் கொண்டுவரும் சட்டத் திருத்தம் 2021இல்தான் வந்தது. எளிமை என்பதை நாம் எப்போதும் புகழ்ச்சியாகவே சொல்கிறோம். நள்ளிரவில் படுக்கையிலிருந்தபடி கடன் வாங்குவது இன்னும் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருக்கலாம்.

எங்கள் ஊரில் ஒரு புதுக் கருவியை அறிமுகம் செய்யப்போகிறோம். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இப்போது அந்த வேலையை யார், எப்படிச் செய்கிறார்கள் என்று சில நாள் கூட இருந்து பாருங்கள். நீங்கள் 'இடைத்தரகர்' என்று ஒதுக்க நினைப்பவர் உண்மையில் என்னென்ன செய்கிறார் என்று தெரியும். அவரை வெட்டிவிடாமல் ஏஜென்டாக்க முடியுமா என்று யோசியுங்கள். கருவி பழுதானால் பார்ப்பது யார், அவருக்குக் கூலி எங்கிருந்து வரும் என்பதைக் கருவி வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். திறப்பு விழாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

மக்கள் ஏற்றுக்கொண்டார்களா என்று எதை வைத்து அளப்பது?

பதிவு எண்ணிக்கையை வைத்து அளக்காதீர்கள். 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு போனது. இணைப்புக் கணக்கில் அது பெரிய வெற்றி. ஆனால் அந்த வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று நான்கு சிலிண்டர்தான் மறுநிரப்பு வாங்கின. மற்ற வீடுகள் ஆறு ஏழு வாங்கின. அடுப்பு இருக்கிறது, விருந்தாளி வந்தால் டீ போடுவதற்கு. சோறு இன்னும் விறகில்தான். மூன்றாவது மாதத்தில் ஒருமுறை, அடுத்த வருடம் ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் சமையல் நேரத்தில் போய் எது எரிகிறது என்று பாருங்கள்.